இரும்பு, கல்சியம், மக்னீசியம்: நெஞ்செரிச்சலோடு ஆறு வருடம்

நெஞ்செரிச்சலுக்கு மக்னீசியம் மாத்திரை நல்லதா என்று என்னோடு படிப்பிக்கிற டீச்சர் ஒருவர் போன வாரம் கேட்டார். மணி அடித்துவிட்டது, ஆமென்றோ இல்லையென்றோ சொல்லிவிட்டு வகுப்புக்குப் போயிருக்கலாம். மனம் வரவில்லை. 2019 தொடங்கி இரும்பு, கல்சியம், சிங்க், மக்னீசியம் என்று நான்கையும் குடித்துப் பார்த்தவள் நான். ஒன்று தொண்டையைப் புண்ணாக்கியது. ஒன்றால் பயனே இல்லை. ஒன்று உண்மையிலேயே கைகொடுத்தது, ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை முழுதாக இங்கே எழுதி வைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன், வயது 43.

எல்லாம் இரத்தக் குறைவில் தொடங்கியது. ரோட்டிலிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறுகிற படியில் பாதியில் நின்று மூச்சு வாங்க வேண்டி வந்தது. மாதவிடாயில் போக்கு அதிகம், அதைச் சாதாரணம் என்று வருடக்கணக்கில் விட்டிருந்தேன். இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் 8.4. ஃபெரஸ் சல்பேட் 200 மில்லிகிராம் மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதித் தந்தார்கள். அந்த 200இல் உண்மையான இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம்தான் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த விஷயம்.

இனி மாத்திரை குடித்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரச்சினையே அங்கேதான் இருந்தது. மார்கழி, தை மாதத்தில் எங்கள் பக்கம் விடியற்காலைக் குளிர் எலும்பைத் துளைக்கும். குடத்துத் தண்ணீரை வாயில் வைத்தால் பல் கூசும். அதனால் இங்கே யாரும் மாத்திரையைப் பச்சைத் தண்ணீரில் குடிப்பதில்லை. ஐந்து மணிக்கு அம்மா அடுப்பில் சாயம் போடுவார். இஞ்சி தட்டிப் போட்டு, கடுஞ்சிவப்பாக, சீனியைக் கையில் கொட்டிக்கொண்டு நக்கி நக்கிக் குடிக்கிற தேத்தண்ணி. “புள்ள, மாத்திரைய போட்டுட்டியா? சாயம் ஆறுது பாரு” என்று கோப்பையை நீட்டுவார். ஒரு மிடறு தேத்தண்ணி, மாத்திரை, இன்னொரு மிடறு. இரவு இன்னும் மோசம். ரொட்டியும் கட்டா சம்பலும் சாப்பிட்டு, கொப்பி திருத்தி, கம்பளிக்குள் நுழைகிற கடைசி நிமிடத்தில் நினைவு வரும். அரை வாய்த் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டு அப்படியே சாய்வேன்.

இரண்டாம் மாதம் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. தொண்டைக்குள் துருப்பிடித்த ஆணியை வைத்தது போல ஒரு ருசி. நெஞ்சு நடு எலும்புக்குப் பின்னால் ஓர் இடம், விரலால் தொட்டுக் காட்டலாம் போல அவ்வளவு துல்லியமாக எரிந்தது. எச்சில் விழுங்கினாலும் அந்த இடத்தில் போய்க் குத்தியது. நான்கு நாள் கஞ்சியும் ஆறின பாலும்தான். இரும்பு மாத்திரை உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்தால் சதையைச் சுட்டுவிடும். பொட்டாசியம் மாத்திரையும் டொக்சிசைக்கிளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையும்கூட இப்படிச் செய்யும். ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ குடித்து, அரை மணி நேரமாவது படுக்காமல் இருந்தால் இது பெரும்பாலும் வராது. மாத்திரை உறையில் எழுதியிருந்தது ‘தினம் 2’ என்பது மட்டும்.

அதற்குப் பிறகு நெஞ்செரிச்சல் வீட்டு விருந்தாளி போல் தங்கிவிட்டது. குனிந்து கூட்டினால் புளித்தண்ணி மேலே வரும். பாடம் நடத்தும்போது ஏப்பத்தோடு கசப்பு ஏறி, குரல் கம்மிவிடும். இரும்பு மாத்திரையால் மலச்சிக்கலும் வந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை முக்க வேண்டியிருந்த அந்த நாட்களில் எதுக்களிப்பு இரண்டு மடங்கு. மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதோ என்று பயந்து அழுததும் உண்டு. இரும்பு குடிக்கிறவர்களுக்குக் கறுப்பாகத்தான் போகும். ஆனால் தார் மாதிரிப் பிசுபிசுத்து, கெட்ட நாற்றத்தோடு, தலைசுற்றலும் சேர்ந்தால் அது வேறு. அப்போது மாத்திரையைக் காரணம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டவுனில் ஒரு பாமசியில் நெஞ்செரிச்சல் என்றேன். டொக்டர் எழுதிய துண்டும் கேட்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. ஒமிப்ரசோல் 20 மில்லிகிராம் அட்டையை நீட்டினார்கள். மூன்றாம் நாளே எரிச்சல் அடங்கியது. அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியில் மூன்று வருடம் யாரிடமும் கேட்காமல் குடித்தேன். இன்றைக்கும் எனக்கு மனத்தாங்கல் இருப்பது அந்த மூன்று வருடத்தைப் பற்றித்தான். எத்தனை நாளைக்கு என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

இப்போது வட்டத்தைப் பாருங்கள். இரும்பு எரிச்சலைக் கொடுத்தது. எரிச்சலுக்கு ஒமிப்ரசோல். ஒமிப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைக்கிறது. இரும்பு நன்றாகக் கரைந்து உடம்பில் சேர அந்த அமிலம் வேண்டும். போதாததற்குத் தேத்தண்ணியில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். சாப்பாட்டோடு ஒரு கோப்பை கடும் தேத்தண்ணி குடித்தால் அந்தச் சாப்பாட்டிலுள்ள இரும்பில் பாதிக்கு மேல் சேராமல் போகும். ஆக நான் குடித்த இரும்பு நெஞ்சைச் சுட்டதோடு சரி, இரத்தத்துக்குப் போகவே இல்லை. ஒன்றரை வருடம் கழித்துச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 9.1. அவ்வளவு மாத்திரைக்கு முக்கால் புள்ளி கூட ஏறவில்லை. “ஒழுங்கா குடிக்கிறதில்ல போல” என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஒரு நாள்கூட விடாமல் குடித்தவளுக்கு அது எப்படி வலித்திருக்கும்.

நடுவில் 2021 வந்தது. கொரோனா நேரம் ஊரெல்லாம் சிங்க் மாத்திரை வாங்கியது, நானும் வாங்கினேன். வெறும் வயிற்றில் குடித்த அரை மணியில் குமட்டல், வாயில் தண்ணீர் ஊறல், பிறகு எரிச்சல். சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தால் தாங்க முடிந்தது, ஆனாலும் இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டேன். என் நெஞ்செரிச்சலுக்கு அது ஒரு நன்மையும் செய்யவில்லை. அதைத் தினம் அதிகமாக மாதக்கணக்கில் குடித்தால் உடம்பில் செம்புச் சத்து குறைந்துவிடும் என்பதால், சும்மா நல்லதென்று குடிக்கிற மாத்திரையும் இல்லை.

கல்சியம் கதையும் சின்னதுதான். கல்சியம் காபனேற்று சப்பும் மாத்திரை எரிச்சலுக்கு மிக விரைவாக வேலை செய்யும், ஐந்து நிமிடத்தில் தெரியும். அது சுண்ணாம்புக்கல் வகை, அமிலத்தை நேரே முறித்துவிடும், கூடவே காற்றும் வரும். ஒரு மணி நேரம் போனால் எரிச்சல் திரும்ப வரும், எனக்குச் சில நேரம் முன்னைவிடக் கூடுதலாக. நாளுக்கு ஒன்றிரண்டு என்றால் சரி. நான் ஒரு கட்டத்தில் ஆறு ஏழு சப்பியிருக்கிறேன், அது பிழை. கல்சியம் இரத்தத்தில் கூடினால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. மலச்சிக்கலும் கூடியது. இன்னொன்று, கல்சியமும் இரும்பைத் தடுக்கும். என் தங்கச்சி பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது கிளினிக்கில் தந்த இரும்பையும் கல்சியம் லக்டேற்றையும் ஒரே கையில் வைத்து ஒரே வாயில் போடுவாள். இரண்டையும் வேறு வேறு நேரத்தில் குடிக்கச் சொல்லி மிட்வைஃப் மிஸ் அவளுக்கு எத்தனையோ தரம் சொன்னார். வீட்டு வேலையில் அது மறந்துபோகும். இரும்பு காலையில், கல்சியம் பகல் சாப்பாட்டோடு என்று நாட்காட்டியில் கோடு போட்டுக் கொடுத்த பிறகுதான் சரியானது. அந்தக் கல்சியம் லக்டேற்றை நெஞ்செரிச்சலுக்கென்று சிலர் குடிக்கிறார்கள். சப்புகிற கல்சியம் மாதிரி அது அமிலத்தை முறிக்காது.

2022ஐ இலங்கையில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, மருந்து இல்லை. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ஏறி இறங்கியும் ஒமிப்ரசோல் கிடைக்கவில்லை. மூன்று வருடம் தினம் குடித்தது ஒரே நாளில் நின்றது. மூன்றாம் நாள் தொடங்கிய எரிச்சல் போல அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. தண்ணீர் குடித்தாலும் எரிந்தது. இரவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். நோய் முற்றிவிட்டது, புற்றுநோயோ என்னவோ என்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்.

அது நோய் முற்றியதால் வந்ததில்லை. இந்த வகை மாத்திரை அமிலத்தை அடக்கி வைக்கும்போது வயிறு அமிலம் சுரக்கத் தன்னைக் கூடுதலாகத் தயார்ப்படுத்திக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் எல்லாம் சேர்ந்து பாயும். டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2009இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து நிறுத்தியபோது, அதைக் குடித்தவர்களில் 44 வீதமானோருக்கு அமிலத் தொல்லை வந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை குடித்தவர்களில் 15 வீதம். நோயே இல்லாதவர்களுக்கு எட்டு வாரத்தில் அப்படியென்றால் மூன்று வருடம் குடித்த எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். இதை அப்போது தெரிந்திருந்தால் அம்மா அவ்வளவு அழுதிருக்க மாட்டார்.

மருந்து திரும்பக் கிடைத்ததும் மறுபடி தொடங்கினேன். அடுத்த வருடம் புதுத் தொல்லை. நடுச் சாமத்தில் கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கும். கல் மாதிரி இறுகிய சதையை இரண்டு கையாலும் நீவினாலும் இளகாது. பிறகு இடது கண் இமை துடித்தது, நாட்கணக்கில். கரும்பலகையில் எழுதும்போது விரல் நடுங்கி சோக்கட்டி விழுந்தது. குளிர் என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள், தைலம் தேய்த்தோம்.

அந்த நேரத்தில்தான் கிளினிக்குக்குப் புதிதாக வந்த ஒரு டொக்டரம்மாவிடம் போனேன். என் பழைய ரிப்போட்டுகளை எல்லாம் மேசையில் வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டு, “டீச்சர், இரும்பு மாத்திரைய எதோட குடிக்கிறீங்க?” என்று கேட்டார். தேத்தண்ணியோட என்றேன். பேனையைக் கீழே வைத்தார். “எத்தன மணிக்கு? குடிச்சிட்டு என்ன செய்வீங்க? ஒமிப்ரசோல் எப்போ இருந்து?” நான்கு வருடத்தில் யாரும் கேட்காத கேள்விகள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்தான் எடுத்தார். மக்னீசியமும் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினும் பார்க்கச் சொன்னார், கெமரா விட்டுப் பார்க்கவும் எழுதினார்.

மக்னீசியம் 0.58. குறைந்தது 0.7 இருக்க வேண்டும். ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளை ஒரு வருடத்துக்கு மேல் குடிக்கிற சிலருக்கு மக்னீசியம் குறைந்துவிடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2011 மார்ச்சிலேயே எச்சரித்திருக்கிறது. அவர்கள் பார்த்த நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மக்னீசியம் கொடுத்தாலும் ஏறவில்லை, மாத்திரையை நிறுத்திய பிறகுதான் ஏறியது. டொக்டரம்மா இதையே வேறு விதமாகச் சொன்னார்: வாளியில் ஓட்டை இருக்கும்போது தண்ணி ஊத்தி என்ன பிரயோசனம் டீச்சர். கெமராவில் உணவுக் குழாயின் கீழ்ப்பக்கம் லேசான புண், பெரிதாக வேறொன்றும் இல்லை.

முதலில் கிடைத்தது மக்னீசியம் ஒக்சைட். விலை குறைவு. இரண்டாம் நாளே வயிறு இளகி, மூன்றாம் நாள் வகுப்பிலிருந்து ஓட வேண்டியதாகிவிட்டது. இது உடம்பில் குறைவாகத்தான் சேரும், மிச்சம் குடலில் தண்ணீரை இழுக்கும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். குடித்த ஒரு மணி நேரத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது போல் இருந்தது. மக்னீசியம் நெஞ்செரிச்சலைக் குணமாக்குகிறது என்று பலர் நினைப்பது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. ஒக்சைட்டும் ஹைட்ரொக்சைட்டும் அமிலத்தை முறிக்கிற காரங்கள். பாமசியில் விற்கிற வெள்ளைப் பாணியில் இருப்பதும் அதுதான், வயிறு இளகாமல் இருக்க அலுமினியம் ஹைட்ரொக்சைட்டும் சேர்த்திருப்பார்கள். அந்தக் குளிர்ச்சிக்கு அந்தக் காரம்தான் காரணம். உடம்பில் மக்னீசியம் கூடியதா என்பது வேறு கதை.

பிறகு மக்னீசியம் கிளைசினேட்டுக்கு மாறினேன். வெளிநாட்டுப் போத்தல், கொழுந்தெடுக்கிற அம்மாவின் ஒரு வாரச் சம்பளம் போய்விடும். வயிற்றுக்கு இதமாக இருந்தது, ஆனால் குடித்தவுடன் நெஞ்சு குளிர்வது இல்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ஏறத்தாழ ஏழு மாதம் குடித்தேன். மூன்றாம் வாரம் இமைத் துடிப்பு நின்றது. கெண்டைக்கால் பிடிப்பு இரண்டு மாதத்தில் அரிதாகி, பிறகு வரவே இல்லை. மலச்சிக்கலும் விட்டது, அதோடு எதுக்களிப்பும் பாதியானது. வயிறு முட்டி முக்குகிற நாட்களில்தான் எனக்குப் புளி மேலே வரும் என்று முன்பே சொன்னேன் அல்லவா. என் அனுபவத்தில் மக்னீசியம் நெஞ்செரிச்சலுக்கு உதவியது அந்த வழியாகத்தான்.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மக்னீசியத்தைத் தாங்களாக வாங்கிக் குடிக்கவே கூடாது, வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கிவிடும். என் கிரியேட்டினின் சரியாக இருந்ததால்தான் எனக்குக் கொடுத்தார்கள். தைரொயிட் மாத்திரை குடிப்பவர்கள் இரும்புக்கும் கல்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் அதற்கும் நடுவே நான்கு மணி நேரமாவது விட வேண்டும்.

ஒமிப்ரசோலை இந்த முறை மெல்ல மெல்லக் குறைத்தோம். ஒரு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இரண்டு, நடுவில் எரிந்தால் அல்ஜினேட் பாணி. சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் குடித்தால் வயிற்றுச் சாப்பாட்டின் மேல் ஆடை மாதிரிப் படர்ந்து அமிலம் மேலே வராமல் பிடிக்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு ஒவ்வொரு செங்கல் வைத்தோம். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு முன்னால். முழுதாக விட மூன்றரை மாதம் எடுத்தது, இரண்டு வாரம் கஷ்டம்தான். ஆனால் 2022இல் பட்ட பாட்டோடு ஒப்பிட முடியாது.

இரும்பை ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே ஒரு மாத்திரை என்று டொக்டரம்மா மாற்றினார். நான்கு வருடம் நாளுக்கு இரண்டு குடித்து ஏறாதது இப்படி ஏறுமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு மாத்திரை போனதும் உடம்பு ஹெப்சிடின் என்ற சுரப்பைக் கூட்டிக் குடலின் கதவை ஒரு நாளைக்குச் சாத்தி வைக்கும், அடுத்த மாத்திரை அந்த நேரத்தில் போனால் வீண் என்று விளக்கினார். சுவிட்சர்லாந்தில் இரும்பு குறைந்த பெண்களிடம் செய்து 2017இல் வெளிவந்த ஆய்வும் இதைத்தான் காட்டியது. குடலில் வீணாகத் தங்குகிற இரும்பு குறைந்ததும் எனக்கு எரிச்சலும் குறைந்தது. கிழமையில் மூன்று நாள், பாடசாலை இடைவேளை தொடங்கும் பத்தரைக்கு, ஃபிளாஸ்க்கில் கொண்டுபோகிற இளஞ்சுடு தண்ணீர் ஒரு முழுக் கிளாஸோடு நின்றபடி குடிக்கிறேன். காலைத் தேத்தண்ணிக்கும் அதற்கும் நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல், அடுத்த தேத்தண்ணி பன்னிரண்டுக்கு மேல்தான். கொய்யா கிடைக்கிற காலத்தில் ஒரு கொய்யா. தேசிக்காய்த் தண்ணீர் எனக்கு எரிகிறது, அதனால் வேண்டாம்.

எட்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 12.3. சேமிப்பு இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் 7இலிருந்து 36. இதோடு கர்ப்பப்பைக்கும் வைத்தியம் பார்த்துப் போக்கைக் குறைத்தார்கள், அந்தப் பங்கையும் சொல்லாமல் விடக் கூடாது. மக்னீசியம் 0.81. போத்தல் முடிந்த பிறகு மறுபடி வாங்கவில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்த்தும் இறங்கவில்லை. நெஞ்செரிச்சல் முழுதாகப் போகவில்லை. கலியாண வீட்டுச் சாப்பாடும் இரவு நேர ரொட்டியும் இன்றைக்கும் எழுப்பிவிடும். அப்படி ஒரு மாதத்தில் மூன்று நான்கு தரம், அல்ஜினேட் ஒரு கரண்டியில் அடங்கும்.

அந்த டீச்சரிடம் பதிலுக்கு நான் ஒன்றுதான் கேட்டேன், ஒமிப்ரசோல் எத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள் என்று. ஐந்து வருடம் என்றார். காலில் இரவு பிடிப்பும் இருக்கிறதாம். எதையும் வாங்க வேண்டாம், குடிக்கிறதைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் இருவரும் ஹட்டனுக்குப் போகிறோம், அவருக்கு மக்னீசியமும் கிரியேட்டினினும் பார்க்க.